பயனும் உரிமையும்: செங்கல்பட்டு மாநாடு முதல் ஒரகடம் வரை பெண் உழைப்புக்கான வாதங்கள்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான சொத்துரிமையையும், எந்தத் தொழிலையும் மேற்கொள்ளும் சமஉரிமையையும் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இன்று தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான்.

அதற்கு முந்தைய தலைமுறை வேறு விதமாக வாதாடியது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காக எழுதியபோது, படித்த பெண்ணால் இல்லறமும் பிள்ளை வளர்ப்பும் சிறக்கும் என்று வீட்டு ஆண்களுக்கு எடுத்துச் சொன்னார். அனுமதி தரும் இடத்தில் ஆண்களே இருந்த காலத்தில் அது துணிவான எழுத்து. ஆனாலும் அவ்வாதத்தில் பெண்ணின் கல்வி, குடும்பத்தின் நன்மையை அண்டியே நிற்கிறது.

இந்தச் சார்பை அறுத்தவர் பெரியார். ‘குடி அரசு’ கட்டுரைகளில் தொடங்கி ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் தொகுக்கப்பட்ட அவரது எழுத்தில், கர்ப்பத்தடை பற்றிய பகுதி தனிக் கவனத்துக்கு உரியது. பிறர் கர்ப்பத்தடையைத் தாயின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் ஆதரிக்கிறார்கள். தாம் ஆதரிப்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். முடிவு ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை இக்கட்டுரை மிக முக்கியமாகக் கருதுகிறது. பயனைச் சொல்லிப் பெற்றது, பயன் தீர்ந்ததும் பறிபோகும்.

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் வட்டாரம் இதற்குச் சான்று. இரவு 7 மணிக்கு மேல் பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்த 1948 தொழிற்சாலைகள் சட்டப் பிரிவு, சமத்துவத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இரவுப் பணிக்குப் பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, ஷிஃப்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கதவைத் திறந்தது உரிமை வாதம். உள்ளே ஆளெடுப்பில் ஒலித்ததோ பழைய பயன் வாதம்: விரல் நுணுக்கம், பொறுமை, குடும்பப் பொறுப்புகள் இல்லாமை.

கடைசிக் காரணத்தின் மறுபக்கம் 2024 ஜூனில் வெளிப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்கள் ஒதுக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டியதாகச் சொல்லப்பட்டதை நிறுவனம் மறுத்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, ஒன்றிய அரசு தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. குடும்பப் பொறுப்பு என்ற காரணத்துக்கு 1979இலேயே விடை கிடைத்திருந்தது. வெளியுறவுப் பணி அதிகாரி முத்தம்மா தொடுத்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், குடும்பம் பெண்ணின் பணிக்கு இடையூறு என்றால் ஆணின் பணிக்கும் அப்படியே ஆகலாமே என்று கேட்டார்.

2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி உணவால் சக தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பெண்கள் தங்களால் யாருக்கும் பயன் என்று வாதாடவில்லை. நல்ல சோறும் தங்குமிடமும் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. இது நல்ல தொடக்கம். ஆனால் விடுதி, வீட்டைவிட்டு வந்த தனிப்பெண்ணுக்கே உதவும். பிள்ளை பெற்றவளுக்குத் தேவை குழந்தைகள் காப்பகம். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அதை அமைக்கும்படி 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. விடுதிக்குக் காட்டிய அக்கறையைத் தொழிலாளர் துறை காப்பகங்களுக்கும் காட்ட வேண்டும்.