மன்னார்க் கரையில் தேவ அழைத்தல்

தேவ அழைத்தல் என்றதும், தனியறையில் முழந்தாளிட்டிருக்கும் ஒருவன் தன் உள்ளத்தே கேட்கும் மெல்லிய குரலையே பலரும் எண்ணுவர். மன்னார்த் தீவின் வரலாறு காட்டும் அழைத்தல் வேறு வகையினது. அங்கே அழைத்தவர்கள் கடற்றொழில் செய்து வாழ்ந்த எளிய மக்கள். அவர்களுடைய அழைப்பு கடல் கடந்து சென்றது. அதற்கு வந்த மறுமொழிக்குக் கொடுத்த விலையோ பெரிது.

ஆண்டு 1544. மன்னார் அக்காலத்தில் யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. குடாக்கடலின் மறுகரையில், தூத்துக்குடி முதலிய முத்துக்குளித்துறைகளில் வாழ்ந்த பரதவர், 1535 ஆம் ஆண்டையொட்டித் திரளாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். அவர்களிடையே 1542 முதல் சவேரியார் என்னும் பிரான்சிஸ் சேவியர் பணியாற்றி வந்தார். இரு கரையாரும் ஒரே முத்துப் பார்களை நாடித் தோணி செலுத்தியவர்கள். ஆதலின் அக்கரையிற் பேசப்பட்டது இக்கரைக்கு எட்ட நெடுநாள் ஆகவில்லை. மன்னார் மக்கள் சவேரியாரிடம் தூதனுப்பித் தங்களுக்கு ஞானஸ்நானம் அளிக்க வருமாறு வேண்டினர்.

சவேரியார் வரவில்லை. வர இயலவில்லை என்பதே சரி. அவ்வாண்டின் இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராகச் சென்று ஞானஸ்நானம் அளித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குள் பதினாயிரம் பேருக்கு மேல் என்பது அவர் கடிதம் தரும் கணக்கு. இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வரும்போது ஒருவன் ஓரிடத்திலேதான் இருக்க முடியும். தமக்குப் பதிலாக அவர் குருவானவர் ஒருவரை மன்னாருக்கு அனுப்பிவைத்தார். பெரியவரின் பெயர் உலகெங்கும் பரவியது. அவருக்காகத் தோணியேறிச் சென்றவரைப் பற்றி வரலாற்றேடுகள் சொல்வது மிகக் குறைவு. மன்னார் மக்களோ அவர் கையினாலேயே ஞானஸ்நானம் பெற்றனர்.

செய்தி நல்லூருக்கு எட்டியது. அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்டவன் முதலாம் சங்கிலி என வழங்கப்படும் செகராசசேகரன். அவன் படை மன்னாரிற் புகுந்தது. புதிதாகச் சமயம் மாறியோர் அச்சமயத்தைக் கைவிட மறுத்து உயிர் துறந்தனர். அவர்கள் தொகை அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்டதென மரபு கூறும். அரசன் செயலைச் சமயப் பகை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது எளிது. ஆயினும் அது போதாது. முத்துக்குளித்துறையில் சமய மாற்றத்தோடு போர்த்துக்கேயரின் அதிகாரமும் சேர்ந்தே வந்ததை அவன் கண்டிருந்தான். தன் குடிகள் வேற்றரசனின் குடிகளாகிவிடுவர் என்று அவன் அஞ்சியது ஆதாரமற்ற அச்சமன்று. ஆனால் வாளுக்கு முன் நின்ற வலைஞனுக்கு இந்த அரசியற் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சில கிழமைகளுக்கு முன் தான் கூறிய ஒரு சொல்லை மீட்டுக்கொள்வதா இல்லையா என்பதொன்றே அவன் முன் நின்ற கேள்வி.

சவேரியாரின் நிலையும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. தம்மை அழைத்த மக்கள் மடிந்த செய்தி அவரைக் கலக்கியது. யாழ்ப்பாணத்தரசனைத் தண்டிக்க வேண்டுமென்று போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டின் அபொன்சோ தெ சூசாவிடம் அவர் முறையிட்டார். ஆளுநரும் இசைந்தார், படையெடுப்பை எதிர்நோக்கிச் சவேரியார் 1545 இல் நாகப்பட்டினம் சென்றார். அதற்குள் பெகு நாட்டிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் மோதிச் சிதைய, அதன் சரக்குகள் அரசன் கைக்குப் போயின. அவற்றை மீட்கும்வரை போர் வேண்டாமென்று தளபதிகள் ஒதுங்கிக்கொண்டனர். சரக்கின் முன் அறுநூறு உயிர்களின் கணக்கு பின்தள்ளப்பட்டது.

வாளைக் கொண்டு நீதி காணும் வழி இவ்வாறு அடைபட, அவர் மயிலாப்பூர் சென்று தோமையார் கல்லறையருகே மாதக்கணக்கில் தங்கினார். தாம் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் எது எனத் தெளிவு கிட்டுமாறு அங்கே மன்றாடினார். கீழ்த்திசை நோக்கிச் செல்வதே தமக்கு இடப்பட்ட பணி என்ற உறுதி அவருள்ளத்தே நிலைத்தது. அவ்வாண்டிலேயே மலாக்காவுக்குக் கப்பலேறினார். பின்னர் யப்பான் வரை சென்ற அப்பெரும் பயணம், மன்னாருக்காக எண்ணிய காரியம் கைகூடாத நிலையிலேதான் தொடங்கிற்று.

1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். பரதவர் பலர் அங்கே குடியேறினர். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களை ஆக்கிய அண்ட்ரிக்கு அடிகளாரும் சில காலம் அத்தீவிற் பணியாற்றினார். 1658 இல் ஆட்சி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்று விலக்கப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்போரும் தண்டனைக்குள்ளாயினர். 1670 அளவில் மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் தங்கள் ஆலயத்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்தன என்பர். அவர்கள் தங்கிய மருதமடுவே இன்றைய மடுத் திருப்பதி. குருவில்லாத மக்கள் இவ்வாறு செபமாலையோடும் சுரூபத்தோடும் ஒரு தலைமுறையைக் கழித்தனர்.

அவர்களுடைய நிலை கோவாவில் ஓர் இளங் குருவின் செவிக்கெட்டியது. 1651 இற் பிறந்து 1676 இற் குருப்பட்டம் பெற்ற யோசேப் வாஸ் அடிகளார் இலங்கைக்குச் செல்ல விரும்பினார். மேலதிகாரிகளோ 1681 இல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினர். தமக்கென எண்ணிய இடத்தை விட்டு அனுப்பிய இடத்துக்குப் போனார். மூன்றாண்டு உழைத்துத் திரும்பினார். 1685 இல் கோவாவில் குருமார் சபையொன்றுக்குத் தலைவரானார். தலைமை கிடைத்தபின் அவ்விருப்பம் ஓய்ந்திருக்கலாம், ஓயவில்லை. 1686 இல் உத்தரவு பெற்றுப் புறப்பட்டார்.

தூத்துக்குடியில் குருவின் அங்கியைக் களைந்து இரவலர் கோலம் பூண்டு, ஜான் என்னும் பணியாள் ஒருவனோடு 1687 இல் தோணியேறினார். காற்று அத்தோணியை மன்னார்ப் பக்கம் ஒதுக்கியதென அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். பசியும் நோயுமாக அவர் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கத்தோலிக்கர் யாரென்று கேட்கவும் முடியாது. தாம் யாரென்று சொல்லவும் முடியாது. ஆகவே கழுத்திலே ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்கு நின்றார். அந்த மாலையைக் கண்டு சற்றே தயங்கி நோக்கியோரின் முகங்களை அவர் குறித்துக்கொண்டார்.