பெயரற்ற விண்ணப்பங்கள்

வானியலாளர் பெரும்பாலோருக்குச் சொந்தத் தொலைநோக்கி கிடையாது; நோக்கு நேரத்தை எழுதித்தான் பெற வேண்டும். எதை நோக்கப் போகிறோம், இந்தக் கருவி ஏன் இன்றியமையாதது, எவ்வளவு நேரம் தேவை என்பனவற்றைச் சில பக்கங்களுக்குள் நிறுவியாக வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கிக்கான விண்ணப்பங்களை பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் பெறுகிறது. அவற்றை மதிப்பிடுவோரும் வானியலாளர்களே. எழுதுபவரின் பெயரை அவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பார்கள் என்பதில்தான் சிக்கல்.

அந்நிறுவனத்தைச் சேர்ந்த நீல் ரீட் 2014இல் பதினொரு தேர்வுகளின் முடிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிடக் குறைந்திருந்தது. ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் தற்செயல் என ஒதுக்கிவிடத்தக்க வேறுபாடுதான். ஆனால் தராசு மீண்டும் மீண்டும் ஒரே பக்கம் சாய்ந்தது. பெயரை முதற்பக்கத்திலிருந்து அகற்றினார்கள், முதலெழுத்தாகச் சுருக்கினார்கள். இடைவெளி அகலவில்லை. ஒளித்து வைத்த பெயரைத் தேடிப் பார்க்கும் ஆவல் மனித இயல்பு போலும்.

2018இல் பெயர்களை முற்றிலும் நீக்கினார்கள். இதனால் விண்ணப்பத்தின் நடையே மாற வேண்டியதாயிற்று. 'எங்கள் முந்தைய ஆய்வில் நாங்கள் காட்டியபடி' என்று எழுதலாகாது. பிறர் ஆய்வைச் சுட்டுவதுபோலவே தம்முடையதையும் படர்க்கையில் சுட்ட வேண்டும். மேற்கோள்களுக்கும் ஆசிரியர் பெயரன்றி எண்ணே இட வேண்டும். தமிழில் எழுதும் நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்: 'நாங்கள்' என்னும் சொல்லில் கேட்பவருக்கு இடமில்லை. நெடுங்காலம் உழைத்துப் பெற்ற புகழை அச்சொல்லால் உணர்த்திப் பழகியவர்களுக்கு இது இழப்பாகவே தோன்றியிருக்கும்.

திறமையற்றவர் கைக்கு நேரம் போய்விடாதா என்ற ஐயத்துக்கும் வழி செய்தார்கள். குழுவின் தகுதியைக் கூறும் தாள் தனியே இருக்கும். தரவரிசை முடிந்த பின்னரே அது பிரிக்கப்படும். விவாதம் 'இது யாருடையதாக இருக்கும்' என்று திரும்பினால் தடுத்து நிறுத்தவும் அறையில் ஒருவர் அமர்ந்திருப்பார்.

அவ்வாண்டு வந்த 489 விண்ணப்பங்களுள் 40 தேர்வாயின. பெண்களின் வெற்றி விகிதம் 8.7 விழுக்காடு, ஆண்களுடையது 8.0. எண்ணிக்கை சிறிது; ஓராண்டை வைத்து வெற்றி முழக்கம் செய்வது, முன்பு ஓராண்டை வைத்துத் தற்செயல் என்றது போன்ற பிழையே. முதன்முறையாக நேரம் பெற்றவர்களின் தொகை பின்வந்த தேர்வுகளில் உயர்ந்ததையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ தன் முதல் தேர்விலிருந்தே இம்முறையைக் கைக்கொண்டது. அதன் நான்காம் தேர்வுக்கு 2024 அக்டோபரில் 2,377 விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்கப்பட்ட நேரம் ஏறத்தாழ 78,000 மணி. இருந்ததோ அதில் ஒன்பதில் ஒரு பங்கு.