கலங்கரை விளக்கமும் தோட்டத்துத் திருவிளக்கும்

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது தமிழர்தம் பழங்கொள்கை. கடல் கடந்து வந்தபோதும் அக்கொள்கையைக் கைவிடாதவர்கள் நம் முன்னோர். அவர்கள் உழைத்து வாழ்ந்த கோல சிலாங்கூர் வட்டாரத்திற்கு இரு வரலாறுகள் உண்டு. ஒன்று குன்றின்மேல் நின்று எல்லோர் கண்ணிலும் படுவது. மற்றொன்று தோட்டங்களுக்குள் மறைந்து கிடப்பது.

குன்றின் வரலாறு

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தருகே எழுந்து நிற்பது புக்கிட் மெலாவத்திக் குன்று. 18ஆம் நூற்றாண்டில் பூகிஸ் வழிவந்த சிலாங்கூர் சுல்தான்களுக்கு இஃது அரணாக விளங்கியது. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்றழைத்தனர். மறு ஆண்டிலேயே சுல்தான் இப்ராஹிம் கோட்டையை மீட்டார். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் இக்குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1907ஆம் ஆண்டில், குன்றின் உச்சியில் கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. டச்சுக்காரர் சூட்டிய பெயரே அதற்கும் நிலைத்தது. நீரிணையில் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்டுவதே அதன் பணி.

அதே ஆண்டில் மற்றொன்று

கலங்கரை விளக்கம் எழுந்த அதே 1907ஆம் ஆண்டில்தான் தமிழர் குடியேற்ற நிதி என்னும் ஏற்பாடு சட்டமாயிற்று. தோட்ட முதலாளிமார் தாம் வைத்திருக்கும் தொழிலாளர் கணக்கிற்கேற்ப இந்நிதிக்குப் பணம் கட்டினர். தமிழகத்துத் துறைமுகங்களிலிருந்து வருவோரின் கப்பல் செலவு இதிலிருந்து கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று உற்றார் உறவினரைத் திரட்டி வந்தார். பினாங்கில் நின்று, தெற்கே சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை நோக்கிச் சென்ற கப்பல்கள் இக்கரையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. குன்றின் விளக்கு அக்கப்பல்களுக்கும் ஒளி காட்டியது.

தோட்ட வாழ்வு

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பிறகு ஆணும் பெண்ணும் நிரையில் இறங்கி மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்து வருவார்கள். லயத்து வீடுகளே அவர்தம் உலகம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வாறே தோன்றின.

உலகப் புகழுக்குரிய செய்தி ஒன்றும் இவ்வட்டாரத்திற்கு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டார். தோட்டத்தின் பெயரைக் கேட்கும் எந்தத் தமிழருக்கும் தென்னைமரமே நினைவுக்கு வரும். பின்னாளில் அவர் எழுதிய நாவல் ஒன்று 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. நட்டுவித்தவரின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. குழி வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்த தோட்டத் தொழிலாளரின் பெயர்களோ அந்நூல்களில் இல்லை.

துன்பங்களும் பல வந்தன. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலை நிறுத்தத்தில், தொழிலாளர் கூலி உயர்வுடன் மானத்தையும் கேட்டனர். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் அடங்கும். படை கொண்டு அப்போராட்டம் அடக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து ஜப்பானியர் ஆட்சியில், சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருள் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

திருவிளக்கு

இத்தனைக்கும் நடுவே அவர்கள் அணையாது காத்தது ஒரு விளக்கு உண்டு. மரத்தடியில் கல் ஒன்றை நட்டு மஞ்சள் பூசி, மாரியம்மன் என்றும் முனீஸ்வரர் என்றும் வணங்கினர். பின்னர் அத்தாப்புக் கூரை வேய்ந்தனர். சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று வரி கொடுத்துச் செங்கல் வைத்தனர். ஆண்டுத் திருவிழாவில் தீ மிதித்தலும் காவடியும் கூத்தும் நடந்தன. தோட்டத்தில் எவர்க்கும் சொந்த நிலம் இல்லை. சொந்த வீடும் இல்லை. "இது நம்முடையது" என்று அவர்கள் சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கோயில் ஒன்றே.

இன்று தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரும் 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. லயங்கள் இடிக்கப்படும்போது அங்கு வாழ்ந்தோரின் சுவடும் மறைந்துபோகிறது. எஞ்சியிருப்பவை கோயிலின் பழைய வரிக் கணக்கேடுகள், உபயக்காரர் பெயர் பொறித்த கற்கள், திருவிழாப் படங்கள், முதியோர் நினைவுகள் ஆகியவையே.

குன்றின் வரலாற்றைக் காக்கச் சுல்தான்களின் கல்லறைகளும் பீரங்கிகளும் விளக்கக் கோபுரமும் உள்ளன. தோட்டத்து வரலாற்றைக் காக்கக் கோயிலையன்றி வேறு அரண் இல்லை. ஆகவே, திருவிழாவிற்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுப் பெரியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் மரம் சீவினார், எந்தக் கோயிலுக்கு வரி கொடுத்தார் என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். செல்லரிக்குமுன் பழைய கணக்கேடுகளைப் படியெடுத்துப் பாதுகாத்தல் ஆலய நிர்வாகத்தாரின் கடனாகும். விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பது போன்றே இதுவும் ஒரு திருப்பணி. அன்னையின் அருள் அதற்குத் துணை நிற்பதாக!