அமினோ அமிலத் துணையுணவுகளும் தாங்குதிறனும்: ஒரு வரலாறு

அமினோ அமிலங்கள் புரதத்தின் அடிப்படைக் கூறுகள். இவற்றைப் பொடியாகவோ மாத்திரையாகவோ உட்கொண்டால் நெடுந்தூர ஓட்டம், மிதிவண்டி ஓட்டம் போன்றவற்றில் தாங்குதிறன் கூடும் என்று பலர் நம்புகின்றனர். தசைக்கு எரிபொருள் புரதமே என்ற பழைய கருத்து இந்த நம்பிக்கைக்கு முன்னோடி. அக்கருத்து 1865-லேயே சோதிக்கப்பட்டது.

லீபிக்கின் கொள்கை

செருமானிய வேதியியலாளர் யுஸ்டஸ் வான் லீபிக், தசை இயங்கும்போது தன் புரதத்தையே செலவிடுகிறது என்று 1842-இல் எழுதினார். அதன்படி, கடுமையாக உழைப்பவருக்கு இறைச்சி மிகுதியாகத் தேவை என்றானது.

ஃபவுல்ஹார்ன் மலையேற்றம்

சூரிச்சில் பணியாற்றிய உடலியங்கியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக்கும் வேதியியலாளர் யோகான்னஸ் விஸ்லிசேனஸும் 1865 ஆகஸ்ட் 30 அன்று சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் 1,956 மீட்டர் உயரம் ஏறினர். அதற்கு 17 மணி நேரம் முன்பிருந்தே புரத உணவைத் தவிர்த்து, மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றையே உண்டனர். சிதையும் புரதத்தின் நைட்ரசன் சிறுநீரில் வெளியேறும் என்பதால், சிறுநீரைச் சேகரித்து நைட்ரசனை அளந்தனர். ஒவ்வொருவரிடமும் சுமார் 37 கிராம் புரதமே சிதைந்திருந்தது.

அடுத்த ஆண்டு எட்வர்ட் பிராங்க்லேண்ட் புரதத்தின் எரிவெப்பத்தை அளந்தார். அந்த 37 கிராமின் ஆற்றல் முழுவதும் வேலையாக மாறியிருந்தாலும், மலையேற்றத்தில் ஏறத்தாழ பாதிக்கே போதும் எனத் தெரிந்தது. மீதி ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வந்திருக்க வேண்டும்.

மூளைக் களைப்புக் கருதுகோள்

1987-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் எரிக் நியூஸ்ஹோம் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். நீண்ட பயிற்சியின்போது டிரிப்டோபன் மூளைக்குள் கூடுதலாக நுழைந்து, செரோட்டோனினாக மாறிக் களைப்பைத் தருகிறது. லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்றும் அதே வழியில் போட்டியிட்டு அதைத் தடுக்கக்கூடும் என்றார். ஆனால் 1995-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பயிற்சி பெற்ற 10 ஆண்கள் இந்த அமிலங்கள் கலந்த பானத்தைக் குடித்தும், களைத்து ஓயும்வரை மிதிவண்டி மிதித்த நேரம் கூடவில்லை.

ஃபிக் விதி

உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிசனின் அளவு, இதயம் செலுத்தும் குருதியின் அளவையும், தமனி, சிரை ஆகியவற்றின் குருதியிலுள்ள ஆக்சிசன் வேறுபாட்டையும் பொறுத்தது என்று 1870-இல் கூறியவரும் அதே ஃபிக்தான். நலமுள்ளவர்களின் உச்ச ஆக்சிசன் பயன்பாட்டிற்குப் பெரும்பாலும் இதயத்தின் திறனே எல்லை வகுக்கிறது. அத்திறன் தொடர் பயிற்சியால் வளர்கிறது. தசையைச் சீரமைக்கப் புரதம் தேவை. அதைப் பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற அன்றாட உணவிலிருந்தே பெறலாம்.