பழுப்பு வயரும் முப்பத்தொன்றாம் இலக்கமும்

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் கைபழகிய ஒருவர் ஜேர்மனிக்கு வந்து பழைய காரொன்றின் மின்கோளாறைத் தேடத் தொடங்கினால், அவரை முதலில் ஏமாற்றுவது வயரின் நிறம். எங்கள் ஊர்களில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் பேர்மிங்ஹாம் லூக்காஸ் கம்பனியுடையவை. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவையும் இந்தக் கார்கள்தான். லூக்காஸ் ஒழுங்கில் பழுப்பு வயர் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொண்டுவருவது. கறுப்பு வயர் எர்த். ஜேர்மன் கார்களிலோ பழுப்புத்தான் எர்த். கறுப்பில், திறப்பைத் திருப்பியதும் மின்சாரம் பாயும். பற்றரியிலிருந்து நேரே வருவது சிவப்பு. கைத்தொழில் எந்த எல்லையையும் கடக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நிறங்கள் கடப்பதில்லை.

இந்தக் குழப்பத்தில் கைகொடுத்தவை இலக்கங்கள். அவை ஏன் வந்தன என்று பார்க்கச் சற்றுப் பின்னே போகவேண்டும்.

காரோடு மின்கோளாறும் கூடப்பிறந்தது. 1886இல் மன்ஹைமில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்றுசில்லு வண்டிக்குப் பற்றரியே பொறி கொடுத்தது. 1888 ஓகஸ்டில் அவர் மனைவி பேர்த்தா, இரு மகன்மாருடன் அவ்வகை வண்டியொன்றில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பொர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். வழியில் பொறிவயரின் உறை தேய்ந்துபோக, தன் காலுறைப் பட்டியை அதில் சுற்றிச் சமாளித்தார் என்கிறார்கள்.

அதே 1886இல் ஸ்ருட்காட்டில் றொபேர்ட் போஷ் சிறு பட்டறையொன்றைத் திறந்தார். 1887இல் நிலையான இயந்திரங்களுக்கு மக்னீற்றோ செய்தார். 1897இல் அது முதன்முறையாக மோட்டார் வண்டியொன்றில் ஏறியது. 1902இல் அவருடைய பொறியியலாளர் கொற்லொப் ஹொனொல்ட் உயர் அழுத்த மக்னீற்றோவையும் பிளக்கையும் தந்தார். 1913இல் டைனமோவோடு மின்விளக்கு, 1914இல் ஸ்ராட்டர். ஒரேயொரு பொறிக்காக வந்த மின்சாரம் இப்போது காரின் எல்லா வேலையையும் செய்தது. வயர்கள் பெருகின. எது எங்கே போகிறதென்று அறிய ஒரு பொதுவழி வேண்டியிருந்தது.

ஜேர்மனியின் நியமங்களுக்கான நிறுவனம் 1917இல், முதலாம் உலகயுத்தத்தின் நடுவே, ஆயுத உற்பத்தியின் தேவையிலிருந்து உருவானது. யுத்தத்துக்காகத் தோன்றிய அந்த நிறுவனத்தின் டின் 72552 என்ற நியமம் காரின் ஒவ்வொரு மின்முனைக்கும் ஓர் இலக்கம் தருகிறது. 30 என்றால் பற்றரியின் நேர்முனை. 15 என்றால் திறப்புக்குப் பின்னுள்ள மின்சாரம். 31 எர்த். 50 ஸ்ராட்டருக்குப் போவது. 53 மழைநீர் துடைப்பான், 56 முன்விளக்கு. எந்தக் கம்பனியின் காராக இருந்தாலும் இலக்கம் ஒன்றே.

சோதனை விளக்கின் ஒரு முனையைக் காரின் உடலில் கவ்வவிட்டு, மறுமுனையால் 15ஐத் தொட்டால் போதும். எரிந்தால் கோளாறு அதற்கு அப்பால். எரியாவிட்டால் அதற்கு இப்பால். அந்தக் காலத்துக் கூர்முனைப் பியூஸ் பார்வைக்கு முழுதாக இருக்கும், முனையில் பிடித்த களிம்போ மின்சாரத்தை மறிக்கும். விரலால் ஒருமுறை உருட்ட விளக்கு எரியும். திரும்பும் சைகை விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுங்குகிறதா, எர்த்தைப் பார்க்கவேண்டும். 1966 வரை பெரும்பாலும் 6 வோல்ற்றில் ஓடிய பொக்ஸ்வாகன் வண்டுக் காரில் இத்தகைய கறள் இன்னும் கொடியது. ஒரு வோல்ற் குறைந்தால் ஆறிலொரு பங்கு போய்விடும்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் 1982இன் அகதி நடைமுறைச் சட்டம் விண்ணப்பதாரர்களை ஒரு மாவட்ட எல்லைக்குள் கட்டிவைத்த நாட்டில், அந்த எல்லையைக் கடக்கும் அனுமதி கிடைத்தபின் வாங்கிய பழைய கார் எங்களுக்கு வெறும் வாகனமாக இருக்கவில்லை. நள்ளிரவில் உணவகச் சமையலறை வேலை முடிந்து வீடு திரும்ப பஸ் இராது. வாகனப் பரிசோதனையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் இலக்கத்தகட்டில் முத்திரை ஒட்டமாட்டார்கள். கராஜுக்குக் கொடுத்தால் கூலி காரின் விலையை எட்டிவிடும். ஜேர்மன் மொழியில் ஒரு கடிதத்தை வாசிக்க மற்றவரின் உதவியை நாடிய மனிதர், 30, 31, 15 என்பவற்றை எவரையும் கேளாமல் வாசிக்கலாம். இந்த நாட்டில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத ஏடுகளில் அதுவும் ஒன்று.

அந்த ஏடு மெல்ல மூடப்பட்டது. 1971இலேயே பொக்ஸ்வாகன் தன் கார்களில் சோதனைக் கணினிக்கான இணைப்பியை வைத்தது. 1986இல் போஷ், கான் என்ற தரவுப் பாதையை அறிமுகப்படுத்தியது. இரு வயர்களில் பல கருவிகள் பேசிக்கொண்டன. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பெற்றோல் கார்களுக்குக் கோளாறைப் பதியும் கருவி கட்டாயமாயிற்று. முனைகளில் பழைய இலக்கங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் விளக்கு ஏன் எரியவில்லை என்பதைச் சோதனை விளக்கு மட்டும் சொல்லிவிடாது. பதில் கணினிக்குள் இருக்கிறது, அதைத் திறக்கும் கருவி பணமுள்ளவரிடம் இருக்கிறது.

1997 முதல் ஜேர்மனியில், முப்பது வயது கடந்து நன்றாகப் பேணப்பட்ட கார்களுக்கு எச் என்ற எழுத்துடன் இலக்கத்தகடு கொடுக்கிறார்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் வாங்கிய எண்பதுகளின் கோல்ஃப்களும் கடெற்களும் இன்று அந்த வயதை எட்டிவிட்டன. இந்நாட்டவர் அவற்றைத் தங்கள் பாரம்பரியம் என்கிறார்கள். அவற்றை அந்த வயதுவரை ஓடவைத்தவர்களில் எங்கள் ஆட்களின் கைகளும் உண்டு என்பதை யாராவது எழுதிவைக்கத்தான் வேண்டும்.