பணமா, பணிக்காலமா? பணியாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரின் உண்மையான உரிமை

பி.எஃப். பாஸ்புக்கின் கடைசிப் பத்தியில் மாதந்தோறும் பென்ஷன் பங்கு என்று ஒரு தொகை ஏறிக்கொண்டே இருக்கும். சம்பள உச்சவரம்பைத் தொட்டவருக்கு அது 1,250 ரூபாய். ஆண்டு வட்டியை வரவு வைக்கும் வரியில் மற்ற இரண்டு பத்திகளிலும் தொகை விழுந்திருக்க, இந்தப் பத்தியில் மட்டும் சுழியம் நிற்கும். வேறு கம்பெனிக்கு மாறிப் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தாலும் அதே சுழியம்தான். ‘என் பென்ஷன் பணம் எங்கே போச்சு?’ என்று உறுப்பினர் பதறுவதில் வியப்பில்லை. ஆனால், இந்தத் திட்டத்தில் அவருக்குச் சேர்வது பணிக்காலம். பாஸ்புக்கோ அதைப் பணமாகவே காட்டுகிறது. வேலை மாறும்போதெல்லாம் தொழிலாளர்கள் தங்கள் ஓய்வூதிய உரிமையைக் காசாக்கித் தீர்த்துவிடுவதற்கு இந்தக் காட்சிப் பிழை ஒரு முக்கியக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ், 1971-இன் குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றாக, 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது பணியாளர் ஓய்வூதியத் திட்டம். தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து செலுத்தும் 12 விழுக்காடு முழுவதும் அவருடைய பி.எஃப். கணக்குக்கே போகிறது. நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குப் பிரிகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 விழுக்காடு சேர்க்கிறது. இந்த நிதி எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவானது. அதில் யாருக்கும் தனிக் கணக்கு கிடையாது, எனவே தனி வட்டியும் கிடையாது. ஓய்வூதியம் ஒரு சூத்திரத்தின்படி கணக்கிடப்படுகிறது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 6,500-இலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த வரம்பில் 35 ஆண்டுப் பணிக்காலம் கணக்கிடப்பட்டாலும் 7,500 ரூபாய்தான். கையில் வாங்கும் சம்பளம் அறுபதாயிரமாக இருந்தாலும், வரம்பைத் தாண்டிய முழுச் சம்பளத்துக்கும் பங்களிக்கும் உயர் ஓய்வூதிய விருப்பம் ஏற்கப்பட்டவர் நீங்கலாக, கணக்கு இதுவே. ஆக, வரம்பைத் தொட்ட உறுப்பினரின் கையில் மாறக்கூடிய எண் ஒன்றே ஒன்று: ஆண்டுகள்.

58 வயதில் ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். ஒருவர் மூன்று நிறுவனங்களில் ஆறு, ஐந்து, ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார், சம்பளம் எப்போதும் 15,000 என்று கொள்வோம். பணிக்காலத்தைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே வந்திருந்தால் 18 ஆண்டுகளுக்கு மாதம் 3,857 ரூபாய் வரும். ஒவ்வொரு முறையும் பென்ஷன் தொகையை எடுத்திருந்தால் பத்தாண்டு வரம்பை அவர் எட்டவே மாட்டார். மாத ஓய்வூதியம் இல்லை. ஓர் ஆண்டுச் சம்பளத்தின் 8.33 விழுக்காடு என்பது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். எடுக்கும்போது கிடைப்பதும் ஆண்டுக்கு அவ்வளவுதான். மூன்று முறையும் கிடைத்ததைக் கூட்டினால் 2,70,000 ரூபாயை ஒட்டி வரும். இது ஆறு ஆண்டு ஓய்வூதியத்துக்குக் கூட ஈடாகாது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது முறையாகாது. முப்பது வயதில் ஐந்தாண்டுப் பணிக்குரிய சுமார் 75,000 ரூபாயை எடுத்து, 8 விழுக்காடு கூட்டு வட்டியில் 28 ஆண்டுகள் விட்டுவைத்தால் ஆறு லட்சத்தைத் தாண்டும். அதே ஐந்தாண்டு ஓய்வூதியத்தில் கூட்டுவதோ மாதம் 1,071 ரூபாய். விலைவாசிக்கேற்ப அது உயரவும் செய்யாது. கணக்கில் பிழையில்லை. ஆனால் வேலை போன நெருக்கடியில் எடுக்கப்படும் பணம் வாடகைக்கும் கடனுக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் போகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலோ ஓசூர் தொழிற்சாலையிலோ வேலை இழந்தவரிடம் 28 ஆண்டுகள் தொடாமல் வை என்று சொல்வது அவருடைய வாழ்க்கையை அறியாத பேச்சு. மேலும், அந்தக் கணக்கு காப்பீட்டை விட்டுவிடுகிறது. பணியில் இருக்கும்போது இறந்தவர் ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே மனைவிக்கு அல்லது கணவருக்கு, மறுமணம் செய்யாதவரை, ஆயுள் ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகள் இருவருக்கு 25 வயது வரை அதில் தலா கால் பங்கு கூடுதலாகக் கிடைக்கும். பத்தாண்டு முடித்தவர் வேலையை விட்டபின் 58 வயதுக்குள் இறந்தாலும் குடும்பத்துக்கு உரிமை தொடர்கிறது. எந்த வைப்புத் தொகையும் இந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை.

பத்தாண்டு முடியாமல் விலகுபவருக்கு எடுப்பதைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வேலையில் பழைய பணிக்காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பணத்தை எடுப்பதற்கும் சான்றிதழ் பெறுவதற்கும் ஒரே படிவம்தான், 10சி. ஆனால் இணையவழி விண்ணப்பத்தில் பி.எஃப். எடுப்பதற்கான படிவம் 19-க்கு அருகிலேயே ‘பென்ஷன் எடுக்க’ என்று 10சி நிற்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுத் தருபவர் இரண்டையும் அடுத்தடுத்து அழுத்திவிடுகிறார். பி.எஃப். கேட்டு வந்தவரின் ஐந்தாண்டுப் பணிக்காலம் அந்த ஒரு சொடுக்கில் அழிகிறது.

எனவே உறுப்பினர் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்புக்கை அன்று, பணி வரலாற்றை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளமில்லா விடுப்பால் கழிந்த நாட்கள் ஆகிய மூன்றும்தான் பணிக்காலத்தை நிர்ணயிக்கின்றன. விலகிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதியலாம். ஒருவருக்கு இரண்டு யு.ஏ.என். (பொதுக் கணக்கு எண்) இருந்தால் பழைய எண்ணிலுள்ள பணியைப் புதியதற்கு மாற்றியாக வேண்டும். தமிழ்நாட்டில் பெயர்ச் சிக்கல் தனி வகை: ஆதாரில் இனிஷியல் ஓரெழுத்தாகவும் கம்பெனிப் பதிவில் தந்தை பெயர் முழுதாகவும் இருக்கும். கல்யாணத்துக்குப் பின் பெண்களின் ஆவணங்களில் இந்த வேறுபாடு இன்னும் பெருகும். வேலையில் இருக்கும்போதே திருத்தினால், நிறுவனத்தின் ஒப்புதல் எளிதில் கிடைக்கும். மூடிப்போன கம்பெனியின் ஒப்புதலைத் தேடி அலைவதோ பெரும் துயரம்.

58 வயதிலும் அவசரம் வேண்டியதில்லை. 50 வயதிலேயே ஓய்வூதியம் வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு கழியும். 60 வரை பொறுத்தால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். இருபது ஆண்டுப் பணியை எட்டியவருக்கு இரண்டு ஆண்டுகள் போனஸாகச் சேர்கின்றன. இடையில் எடுத்த ஐந்தாண்டு, இந்தப் போனஸையும் சேர்த்தே பறித்திருக்கக்கூடும்.

திட்டத்தின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயில் இன்று ஒரு முதியவர் மருந்துச் செலவைக்கூடச் சமாளிக்க முடியாது. அதை உயர்த்தக் கோரும் போராட்டம் நியாயமானது. அதோடு செலவில்லாத இன்னொரு சீர்திருத்தத்தையும் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்திடம் கேட்க வேண்டும்: பென்ஷன் பத்தியில் ரூபாயைக் காட்டுவதை விட்டு, ‘இதுவரை 8 ஆண்டு 4 மாதம், 58 வயதில் இதற்கு மாதம் இவ்வளவு’ என்று காட்டட்டும். ‘பென்ஷன் எடுக்க’ என்ற பொத்தானுக்கு முன், இழக்கப்போகும் தொகையைத் தமிழில் எழுதிக் கேட்கட்டும். இதற்குத் தேவையான எல்லாத் தரவும் அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.