பாறைச் சரிவும் பார்வை முறைகளும்: செசானின் பிபேமு ஓவியங்களும் சாந்தோம் – பரங்கிமலை நிலப்பரப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் (1839–1906) பிபேமு கல் குவாரியை வரைந்த ஓவியங்களை, ‘முதற்பொருள்’ என்னும் தமிழ்த் திணைக் கருத்தின் துணைகொண்டு இக்கட்டுரை அணுகுகிறது. சாந்தோமுடன் பிணைந்த பரங்கிமலை பாறைநிலமாக எவ்வாறெல்லாம் பார்க்கப்பட்டது என்பதையும், சென்னை நவீன ஓவியம் பின்மனப்பதிவியத்திலிருந்து எதனைப் பெற்றது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பின்மனப்பதிவியம், செசான், முதற்பொருள், பரங்கிமலை, கே.சி.எஸ். பணிக்கர்

முன்னுரை

‘போஸ்ட் இம்ப்ரெஷனிசம்’ என்னும் பெயர் 1910ஆம் ஆண்டு இலண்டன் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சியை ஒட்டி வழக்கிற்கு வந்தது. தமிழில் இதனைப் பின்மனப்பதிவியம் எனலாம். தமிழில் நவீன ஓவியம் குறித்து எழுதுவோர் இவ்வியக்கத்தை மிகைவண்ணம், உருவச்சிதைவு என்னும் இரு கூறுகளால் விளக்குவது பெருவழக்கு. அவ்விளக்கம் வான்கோவுக்கு ஓரளவு பொருந்தலாம். செசானின் நிலக்காட்சிகளை விளக்க அது போதாது.

முதற்பொருள் நோக்கில் பிபேமு

தொல்காப்பியம் நிலமும் பொழுதும் ஆகிய இரண்டினையும் முதற்பொருள் என்கிறது. இவ்விரண்டனுள் மனப்பதிவிய ஓவியர் பொழுதுக்கே முதன்மை தந்தனர். மோனே 1890–91இல் வைக்கோற்போர்களையும், அதன்பின் ரூவான் பேராலய முகப்பையும் வெவ்வேறு ஒளிநிலைகளில் மீண்டும் மீண்டும் வரைந்தார். பொருள் ஒன்றே; மாறுவது பொழுது.

செசான் இந்த முறையைத் திருப்பினார். எக்ஸ் நகருக்குக் கிழக்கே உள்ள பிபேமு, உரோமர் காலம் முதல் கட்டடக்கல் வெட்டப்பட்ட இடம். செசான் அங்குச் சென்றபோது குவாரி கைவிடப்பட்டிருந்தது. 1895 முதல் அங்கு ஒரு சிறு குடிலை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘பிபேமு குவாரியிலிருந்து செயின்ட் விக்டோர் மலை’ (ஏறத்தாழ 1897) இக்காலத்தது. செம்மஞ்சள் பாறைச்சுவர்கள், இடையிடையே பசுமரங்கள், மேலே சாம்பல்நீல மலை என்பன அதன் உறுப்புகள். பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலை, குவாரியின் விளிம்பிலேயே எழுந்து நிற்பதுபோல் தோன்றுகிறது. காலையா மாலையா என ஓவியம் உணர்த்துவதில்லை. அடுத்தடுத்து இடப்பட்ட வண்ணத் தீற்றல்களே பாறையின் முகங்களாகி, ஆழத்தையும் திண்மையையும் தருகின்றன. பொழுதைப் பின்னிறுத்தி நிலத்தை முன்னிறுத்தியமையே செசான் செய்த மாற்றம் எனலாம்.

பரங்கிமலை: மூன்று பார்வைகள்

சாந்தோமிலிருந்து மேற்கு – தென்மேற்கில் ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் பரங்கிமலை உள்ளது. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை ஆகிய மூன்றையும் புனித தோமையாரின் மரபு இணைக்கிறது. 1547இல் மலைமீது கண்டெடுக்கப்பட்ட பகலவி எழுத்துப் பொறித்த சிலுவை அம்மரபின் முதன்மையான தொல்பொருள். வழிபாட்டுப் பார்வையில் மலை, ஏறிச் சென்றடையவேண்டிய உச்சி.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இம்மலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் பெரும் முக்கோண நில அளவையாக விரிந்த பணி அது. நில அளவையாளருக்கு மலை, கோணம் குறிப்பதற்கான ஒரு புள்ளி.

பரங்கிமலை – பல்லாவரம் பகுதியின் கரும்பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து ‘சார்னோக்கைட்’ எனப் பெயரிட்டார். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனமையே பெயர்க்காரணம். நிலவியலாளருக்கு மலை, கனிமச் சேர்க்கையின் சான்று.

உச்சி, புள்ளி, சான்று என்னும் இம்மூன்றிலும் பாறைச் சரிவு வேறொன்றுக்கு வழியாகவே அமைகிறது. சரிவையே பார்வைக்குரிய பொருளாகக் கொள்வது நான்காவது நிலை. பிபேமு ஓவியங்கள் காட்டுவது அதனையே.

சென்னையின் எதிர்வினை

சென்னை ஓவியப் பள்ளியில் 1929 முதல் 1957 வரை பொறுப்பு வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பாறையை உழைப்போடு இணைத்தார். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலையில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். செசானின் குவாரியில் கல் வெட்டியவர் எவரும் இல்லை. அவர்கள் வெட்டிய தடம் மட்டுமே உண்டு. ராய் சௌத்ரியிடம் உழைப்பவர் உள்ளனர், மலை இல்லை. ஒரே உண்மையின் இரு பாதிகளாக இவை நிற்கின்றன.

அவருக்குப்பின் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) நிலக்காட்சி நீர்வண்ண ஓவியராகத் தம் பயணத்தைத் தொடங்கியவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். அவரது இடைக்கால ஓவியங்களில் வான்கோ, கோகன் ஆகியோரின் சாயலைத் திறனாய்வாளர் சுட்டுவர். 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் நிலக்காட்சி மறைந்து, எழுத்தும் சாதகக் கட்டங்களும் எண்களும் திரையை நிறைக்கின்றன. இதனை ஐரோப்பியத் தாக்கத்திலிருந்து முற்றாக விலகியதாகக் கொள்வது வழக்கம்.

அவ்வாறு முடிவுகட்டுவதற்கு முன் ஒன்றைக் கருதவேண்டும். ஓவியத்தளத்தைத் தொலைவு காட்டும் சாளரமாகக் கொள்ளாமல், தனக்கென ஒழுங்குடைய பரப்பாகக் கொள்ளும் நிலை பிபேமுவிலேயே தொடங்கிவிட்டது. தொலைமலையை முன்னிழுத்து ஒரே தளத்தில் நிறுத்திய செயலுக்கும், தளம் முழுவதையும் குறிகளுக்கு உரியதாக்கிய செயலுக்கும் இடையே முறையியல் உறவு உண்டு. பணிக்கர் கைவிட்டது நிலத்தின் தோற்றத்தையே. தளம் பற்றிய பாடத்தை அன்று. இது நேரடித் தாக்கத்தை மெய்ப்பிப்பதாகாது. ஆயினும் விலகல் என்னும் ஒற்றைச் சொல்லால் அவ்வரலாற்றை முடித்துவிட இயலாது என்பதை உணர்த்துகிறது.

முடிவுரை

முதற்பொருள் என்னும் கருத்து சங்கப் பாடல்களுக்கு மட்டும் உரிய கருவியன்று. மனப்பதிவியத்திற்கும் பின்மனப்பதிவியத்திற்கும் இடையிலான வேறுபாட்டைப் பொழுது, நிலம் என்னும் சொற்களால் தெளிவாக விளக்க முடிகிறது. பரங்கிமலை வழிபாட்டு வரலாற்றிலும் அளவை வரலாற்றிலும் நிலவியலிலும் இடம்பெற்றுள்ளது. அதன் பாறைச் சரிவைக் காட்சிப்பொருளாகக் கொண்டு கலைவரலாற்று நோக்கில் ஆராய்வது, சென்னை ஓவிய மரபில் நிலத்தின் இடத்தை மறுமதிப்பீடு செய்யத் துணைபுரியும்.